சோஷியல் சார் என்ன படிச்சிருக்காரு?

ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுக்கலாமா ஃப்ரெண்ட்ஸ்? பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது. பத்தாம் வகுப்புல உங்களுக்கு மேத்ஸ் எடுத்த சார் என்ன டிகிரி? 'இதெல்லாம் ஒரு கேள்வியா... பி.எஸ்சி. மேத்ஸ், பி.எட்.' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஓ.கே., சோஷியல் எடுத்தவங்க? ஹிஸ்டரியா, ஜியாக்ரஃபியா, இல்ல இங்கிலீஷ் மிஸ்ஸே கூடுதலா ரெண்டு பீரியட் வந்து எடுத்தாங்களா? முழிக்கிறீங்க இல்ல... அதேதான்!

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாருக்காக வரிசையில் நின்றபோது இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். மெட்ரிக் ஸ்கூலில் படித்த மெக்கானிக்கல் நண்பன், "எங்களுக்கு கம்ப்யூட்டர் மிஸ்தான் மச்சி சோஷியலும். கைடுல டிக் அடிச்சுக் குடுப்பாங்க, நாங்க படிச்சுடுவோம்" என்றான். கிராமத்து அரசுப் பள்ளியில் இருந்து வந்த சிவில் நண்பனுக்கு எம்.ஏ. ஹிஸ்டரி படித்த சார். "முதல் பாகம் பட்டாசு மாதிரி போகும்டா. ஜியாக்ரஃபி வந்ததும் சாருக்கே தூக்கம் வந்துடும்" என்றான். ஒரே ஒருத்தன்தான், ஜியாக்ரஃபி படித்த மிஸ் கிடைத்ததால் கான்டூர் கோடு எல்லாம் அப்பவே புரிந்தது, இப்போ சர்வே லேப்பில் அது உதவுகிறது என்று சொன்னான். அவனைச் சுற்றி எல்லாரும் பொறாமையோடு பார்த்தோம். ஏன்னா, சர்வே லேப் வைவா எப்படி இருக்கும்னு சிவில் பசங்களைக் கேட்டுப் பாருங்க.

விஷயத்துக்கு வருவோம். டீச்சரின் டிகிரிக்கும் நம்ம மார்க்குக்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கா? மேத்ஸுக்கு 'ஆமா' என்று எல்லாரும் சொல்லிடுவாங்க. சோஷியலுக்கு? 'அதுக்கெல்லாம் எதுக்கு பாஸ் தனியா டீச்சர், படிச்சுக்காட்டினா போதாதா?' என்று கேட்பவர்கள்தான் அதிகம். 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்டத்திலேயே, சமூக அறிவியல் 'பயன்படாத பாடம்' என்ற எண்ணம் மக்கள் மனசில் ஊறிக் கிடக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

ஒரு புக்குக்குள்ள நாலு புக்!

முதலில் நம்ம ஊர் நிலவரம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நாலு பாகம். முதல் உலகப் போரில் ஆரம்பித்து, இந்தியாவின் மண் வகைகள், அரசியலமைப்பு, மொத்த உள்நாட்டு உற்பத்தி, வரி என்று போகும். காலேஜில் இது ஒவ்வொன்றும் தனித்தனி டிபார்ட்மென்ட். அந்த நாலு டிபார்ட்மென்ட் ஆட்களும் ஒரே கேன்டீனில் உட்காருவதோடு சரி, ஒருத்தர் பாடத்தை இன்னொருத்தர் தொடுவது கிடையாது.

ஆனால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது, சமூக அறிவியலுக்கு வருவது ரெண்டே பாடப்பிரிவுதான். ஒன்று வரலாறு, இன்னொன்று புவியியல். பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ படித்தவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இப்போ கணக்குப் போடுங்கள். சட்டப்படி முழுத் தகுதியும் உள்ள ஆசிரியர்கூட, கையில் இருக்கும் நாலு பாகத்தில் ஒன்றைத்தான் மேஜராகப் படித்திருக்கிறார். மீதி மூன்றை அவரும் நம்மை மாதிரியே புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். (சயின்ஸிலும் இந்தக் கதை உண்டு. ஃபிசிக்ஸ் சார் தவளை வரைவார். ஆனா அங்கே ஆளுக்கு ஆள் கவலைப்படுவாங்க, டியூஷன் வைப்பாங்க. சோஷியலுக்கு டியூஷன் போனேன்னு சொன்னா சிரிப்பாங்க!)

அமெரிக்காவுல என்ன சொல்றாங்க?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ரொம்பக் காலமாக நோண்டுகிறார்கள். 1966-ல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு மெகா சர்வே நடந்தது. ரிசல்ட் வந்தபோது எல்லாருக்கும் ஷாக். பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பதில் பள்ளியைவிட வீட்டுச் சூழலுக்குத்தான் பெரிய பங்கு என்று வந்தது. டீச்சர் விஷயத்தில் ஓரளவு தலைகாட்டியது அவர்களுடைய சொல்வளம். அதாவது, வார்த்தை அறிவுத் தேர்வில் அவர்கள் எடுத்த மார்க்.

அடுத்தது 1988. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 25 ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இதில் ஒரு சூப்பர் ஐடியா. ஒவ்வொரு மாணவருக்கும் ரெண்டு பாடங்களில் டெஸ்ட் மார்க்கோடு, அந்த ரெண்டு பாடத்தின் டீச்சர்களிடமும் தனியாகக் கேள்வித்தாள் கொடுத்து டிகிரி, அனுபவம் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த டேட்டாவை வைத்து டான் கோல்ட்ஹேபர், டொமினிக் ப்ரூவர் என்ற ரெண்டு பேர் 1997-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மேத்ஸ், சயின்ஸ் இரண்டிலும் அந்தந்தப் பாடத்தில் டிகிரி வாங்கிய டீச்சரிடம் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிக மார்க் எடுத்தார்கள். இங்கிலீஷிலும் ஹிஸ்டரியிலும்? ஒரு வித்தியாசமும் கண்ணில் படவில்லை! 'பார்த்தியா, சோஷியலுக்கு யார் வேணா எடுக்கலாம்' என்று சொல்பவர்களுக்கு இது அல்வா மாதிரி.

அவசரப்படாதீங்க, இன்டர்வெல்லுக்கு அப்புறம்தான் ட்விஸ்ட். 2008-ல் தாமஸ் டீ, சாரா கோஹோட்ஸ் என்ற இருவர் அதே 1988 சர்வேயைத் திரும்பத் திறந்தார்கள். பார்க்கும் விதத்தை மாற்றினார்கள். நல்லா படிக்கிற பசங்க இருக்கிற ஸ்கூலுக்கு நல்ல டீச்சர் போயிடுவாங்க இல்லையா? அப்படி இருந்தால் மார்க் உசந்தது பையனாலயா, டீச்சராலயா என்று எப்படிப் பிரிப்பது? அதனால் ரெண்டு வேறு மாணவர்களை ஒப்பிடாமல், ஒரே மாணவரை அவருடைய ரெண்டு டீச்சர்களோடு வைத்து ஒப்பிட்டார்கள். வீடு அதே வீடு, மூளை அதே மூளை. மாறுவது பாடமும் டீச்சரும் மட்டும்தான். இந்த முறையில் பார்த்தபோது, அந்தப் பாடத்தை நடத்த முறையான சான்று பெற்ற டீச்சரிடம் மேத்ஸிலும் சோஷியல் ஸ்டடீஸிலும் மார்க் உயர்ந்தது. சயின்ஸிலும் இங்கிலீஷிலும் உயரவில்லை.

பார்த்தீங்களா? ஒரே சர்வே, ரெண்டு விதமான பதில். ஒன்று பத்தாம் வகுப்பு, இன்னொன்று எட்டாம் வகுப்பு. ஒன்று டிகிரியைப் பார்க்கிறது, இன்னொன்று சான்றைப் பார்க்கிறது. இன்ஜினீயரிங் பாஷையில் சொன்னால், சிக்னல் இருக்கிறது, ஆனால் நாய்ஸுக்குள் முங்கிக் கிடக்கிறது. எனக்கு இரண்டாவது ஆய்வின் முறைதான் நம்பும்படி இருக்கிறது. லேப்பில் நாமும் இதைத்தானே செய்கிறோம்? ஒரே ஸ்பெசிமனை வைத்துக்கொண்டு லோடை மட்டும் மாற்றுவோம்.

நம்ம பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆந்திராவில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். குறைந்த சம்பளமும் குறைந்த தகுதியும் கொண்ட ஒப்பந்த ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். நிரந்தர ஆசிரியர்களைவிட ஒப்பந்த ஆசிரியர்கள் மட்டமில்லை என்று தெரிந்தது. ஆனால் அது தொடக்கப் பள்ளி, அளந்தது மொழியும் கணக்கும். வாய்ப்பாடு சொல்லித் தருவதும் வரிக் கொள்கையை விளக்குவதும் ஒண்ணா என்ன!

வேலூர் கோட்டையும் ஒரு தட்டு இட்லியும்

டிகிரி எங்கே வேலை செய்யும் என்று எனக்குப் புரிய வைத்தது வேறொரு ஆய்வு. 1988-ல் சூசன் வில்சன், சாம் வைன்பர்க் இருவரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாலு டீச்சர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். நாலு பேரும் நடத்தியது அமெரிக்க வரலாறு. ஆனால் காலேஜில் எல்லாரும் வரலாறு படித்தவர்கள் இல்லை. ஒருத்தர் மானுடவியல், ஒருத்தர் அரசியல் அறிவியல். ஒரே பாடம் நாலு விதமாக வெளியே வந்தது! அரசியல் அறிவியல் படித்தவருக்கு வரலாறு என்றால் வெறும் பெயர், தேதிகளின் மூட்டை. சுவாரஸ்யமான அலசல் எல்லாம் தன் பாடத்துக்குத்தான் சொந்தம் என்று நினைத்தார். வகுப்பும் அப்படியே அன்றாட அரசியல் பக்கம் சாய்ந்தது. வரலாறு படித்தவர்களுக்கோ, அந்தத் தேதிகளுக்கு நடுவில் இருக்கும் 'ஏன்'தான் பாடம்.

இதை நம்ம புத்தகத்தில் வைத்துப் பாருங்கள். வேலூர் புரட்சி. 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை, அதில் தோல் சின்னம், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது. ஆற்காட்டில் இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார். அண்டர்லைன் பண்ணு, அஞ்சு மார்க். முடிஞ்சுது. இதுக்கு வரலாறு படித்திருக்கத் தேவையே இல்லை.

வரலாறு படித்த ஒருத்தர் என்ன கேட்பார்? தலைப்பாகைக்காக மட்டுமா உயிரைக் கொடுப்பாங்க? அதே கோட்டையில்தானே திப்புவின் மகன்களை வைத்திருந்தார்கள், அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்கையே ஏன் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்? நமக்குக் கிடைத்திருக்கிற தகவல்களில் பெரும்பகுதியை எழுதினது ஆங்கிலேய அதிகாரிகள். அப்போ சிப்பாய் தரப்பை யார் சொன்னது? இந்தக் கடைசிக் கேள்வி எந்த கைடிலும் இருக்காது. இதைக் கேட்கத் தெரிய, காலேஜில் யாராவது அவரைக் கேள்வி கேட்டுப் பழக்கியிருக்க வேண்டும்.

ஜியாக்ரஃபிக்கு வாங்க. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர், வடகிழக்கு அக்டோபர் முதல் டிசம்பர். இதை மனப்பாடம் செய்துவிட்டோம். கேரளா நனையும்போது கோவையைத் தாண்டினால் ஏன் காய்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையை போர்டில் ஒரு கோடாகப் போட்டு, காற்றை ஒரு அம்பாகப் போட்டு, ஏறும் பக்கம் மழை, இறங்கும் பக்கம் மழை மறைவு என்று காட்ட ரெண்டு நிமிஷம் போதும். அதே அம்பைத் திருப்பிப் போட்டு, நிலத்தில் இருந்து வரும் காற்று வங்கக் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம்ம கரையில் கொட்டுவதைக் காட்டலாம். ஜியாக்ரஃபி தெரிந்தவர் இதை சாக்பீஸால் செய்வார். தெரியாதவர் பத்தியைப் படிப்பார். பையனோ மேப்பில் எங்கே புள்ளி வைக்கணும் என்பதை மட்டும் மனப்பாடம் பண்ணுவான். மேப்பை லேசாகச் சின்னதாகப் பிரின்ட் பண்ணிக் கொடுத்தால் நெய்வேலி கடலுக்குள் போய்விடும்!

பொருளியல்தான் ரொம்பப் பாவம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 'இறுதிப் பொருட்களின்' மதிப்பை மட்டும் சேர்ப்பார்கள் என்று புத்தகம் சொல்கிறது. ஏன்? ஓட்டலில் ஒரு தட்டு இட்லி 40 ரூபாய் என்று வையுங்கள். அதற்குள் மாவுக்காரர் வாங்கிய காசு இருக்கிறது. அதற்குள் அரிசிக்காரர், உளுந்துக்காரர் காசும் இருக்கிறது. அரிசியைத் தனியாக, மாவைத் தனியாக, இட்லியைத் தனியாகக் கூட்டினால் ஒரே அரிசியை மூன்று தடவை எண்ணிவிடுவோம். அவ்வளவுதான் மேட்டர். இது எனக்கு காலேஜில் எகனாமிக்ஸ் எலெக்டிவ் எடுத்தபோதுதான் விளங்கியது. பத்தாவதில் சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்கும்.

1986-ல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். பாடம் தெரிவது ஒன்று, பாடம் நடத்தத் தெரிவது இன்னொன்று. ரெண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று இருக்கிறது, எந்தப் பாடத்தில் பையன் எங்கே வழுக்குவான், அங்கே எந்த உதாரணத்தைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான் என்ற அறிவு. அந்த இட்லி அந்த வகைதான். எம்.ஏ. சான்றிதழிலோ பி.எட். சான்றிதழிலோ இது தனியாக அச்சாகி வராது. ஆனால் பாடமே தெரியாதவருக்கு இது வரவே வராது.

மார்க்கை நம்பலாமா?

'அப்படின்னா தகுதியான டீச்சர் இருந்தா சென்டம் கொட்டணுமே?' என்று கேட்பீர்கள். இங்கேதான் உஷாரா இருக்கணும். 2024 பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 4,428 பேர். 2025-ல் 10,256 பேர். ஒரே வருஷத்தில் தமிழ்நாடு முழுக்க சோஷியல் டீச்சர்கள் கூடுதலாக ஒரு டிகிரி வாங்கிவிட்டார்களா என்ன! கணக்கில் கூத்து இன்னும் அதிகம். 2024-ல் 20,691 சென்டம், 2025-ல் 1,996. டீச்சர்கள் கிட்டத்தட்ட அதே டீச்சர்கள். கேள்வித்தாளில்தான் சூட்சுமம். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையே தேர்விலும் கேட்டால், இட்லி உதாரணம் சொன்ன சாரிடம் படித்தவனும் கைடில் டிக் வாங்கியவனும் ஒரே மார்க்தான் எடுப்பார்கள். டீச்சர் தகுதியால் வித்தியாசம் இல்லை என்று எந்த சர்வேயாவது சொன்னால், முதலில் அந்த டெஸ்ட்டில் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்.

இப்போ 'டெட்' விஷயம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அதை வைத்து 2010 ஆகஸ்ட் 23-ல் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்றது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலை 12-ல் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி, தேறியது 2,448 பேர்! நம்ம எம்-3 ரிசல்ட் எவ்வளவோ தேவலாம். ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று குரல் எழுந்து, அக்டோபரில் நடந்த துணைத் தேர்வுக்கு மூன்று மணி நேரம் கொடுத்தார்கள்.

அந்தத் தேர்வின் இரண்டாம் தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் 150 மார்க். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழி 30, இங்கிலீஷ் 30, சமூக அறிவியல் 60. பொதுப் பிரிவினர் தேற வேண்டியது 60 சதவிகிதம், அதாவது 90. இப்போ முதல் மூன்று பகுதியையும் கூட்டுங்க... 30, 60, 90! தியரிப்படி பார்த்தால், சமூக அறிவியலில் ஒரு கேள்விகூடத் தொடாமல் ஒருத்தர் 'சமூக அறிவியல் ஆசிரியர் தகுதி' பெற்றுவிடலாம். நிஜத்தில் யாரும் மற்ற மூன்றிலும் முழு மார்க் வாங்கப் போவதில்லைதான். ஆனாலும் பாடத்துக்கு அந்தத் தேர்வில் எவ்வளவு வெயிட்டேஜ் என்று இதில் தெரிகிறது. நல்லவேளை, அரசு வேலைக்கு அதோடு விடுவதில்லை. பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரியில் அவரவர் பாடத்திலேயே தனியாகப் போட்டித் தேர்வும் வைத்தார்கள். தனியார் பள்ளி கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கு அந்தத் தொல்லை எல்லாம் இல்லை.

இந்த விவகாரம் வேலைக்கு முயற்சி செய்பவர்களோடு நிற்கவில்லை. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எத்தனை வருஷமாகப் பணியில் இருந்தாலும் சரி, இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேறாமல் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. இருபது வருஷம் சாக்பீஸ் பிடித்த ஒருத்தர் திரும்ப ஓ.எம்.ஆர். ஷீட்டில் வட்டம் நிரப்பப் பயிற்சி எடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். 'அவங்களுக்கும் அரியரா!' என்று சிரிக்கத் தோன்றும். சிரித்துவிட்டு, அவர்களில் யாராவது உங்களுக்கு மழை மறைவுப் பிரதேசத்தை அம்பு போட்டுக் காட்டியவரா என்றும் யோசியுங்கள். அந்தத் திறமையை அளக்க இந்தத் தாளில் கேள்வி இருக்கா? எனக்கென்னவோ சந்தேகம்தான். அதே நேரம், பாடமே தெரியாமல் காலத்தை ஓட்டியவர்களை இனிமேலாவது யாராவது கேட்கிறார்களே என்பதும் நியாயம்தான்.

இன்னொன்று. என்ன தகுதி இருந்தாலும் பீரியட் வேண்டும் இல்லையா? ரிவிஷன் டெஸ்ட் நெருங்கினால் சோஷியல் பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவார். சயின்ஸ் மிஸ் மீதியை வாங்குவார். இந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. எம்.ஏ., எம்.எட். முடித்த ஹிஸ்டரி சார், ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நம்மில் சிலருக்கு டீச்சர் ஆகும் ஆசை இருக்கும், வெளியே சொல்ல மாட்டோம். பி.இ. முடித்து பி.எட். படித்தவர்கள் ஆறு முதல் எட்டு வரை கணக்கு நடத்த வழி செய்து 2019-ல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. சோஷியல் மேல் காதல் உள்ள இன்ஜினீயர்களுக்கு அந்தக் கதவு இல்லை. ஆனால் உங்க வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் தம்பி, தங்கச்சி இருந்தால் இதைக் காட்டுங்கள். பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கணும் என்றால் இளநிலையில் வரலாறோ புவியியலோ படித்து, அப்புறம் ரெண்டு வருஷ பி.எட். (2015 வரை அது ஒரே வருஷம்தான்!) படிக்க வேண்டும். பொருளாதாரம் பிடிக்கும் என்றால் எம்.ஏ., பி.எட். முடித்து மேல்நிலை வகுப்புகளுக்கு முதுநிலை ஆசிரியராகப் போகலாம். வரலாறு இருக்கிற அளவுக்குப் புவியியல் எல்லாக் காலேஜிலும் கிடையாது. சென்னையில் என்றால் மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி இரண்டிலும் இருக்கிறது. அப்ளிகேஷன் போடும்போது 'ஜியாக்ரஃபியா... அதை எடுத்து என்ன பண்ணப் போறே?' என்று மாமா யாராவது கேட்பார். நெய்வேலி எங்கே இருக்கிறது என்று அவரை மேப்பில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்!